அப்பா கடைப் படி

9-8-92, ஞாயிறு
காலையிலிருந்தே புழுக்கம். கோயில் முடிந்து வந்ததும் பரணில் ஏறினேன். தூசி, தும்மல், ஒரு செத்த பல்லி. கடைசியில் அப்பாவின் படி கிடைத்தது. பித்தளை. பழைய பட்டணம் படி. விளிம்பில் சர்க்கார் முத்திரை இன்னும் அழியவில்லை. வெளிப்பக்கம் புளி போட்டுத் தேய்த்தேன். என் மனைவி எஸ்தருக்கு, எங்கள் கல்யாண நாளிலிருந்தே அந்தப் பரண் மேல் கோபம். "துணி கிளிப்பு போட்டு வெக்கலாம், குடுங்க" என்றாள். இது மியூசியத்துக்கு என்றேன்.

கஸ்தூரி டீச்சர் பழைய படிப்பக அறையில் பூந்தமல்லிக்கென்று ஓர் அருங்காட்சியகம் வைக்கிறார். ராஜா ராணி சாமான் எதுவும் கிடையாது. வீட்டிலும் தெருவிலும் புழங்கியவை மட்டும். இதுவரை சேர்ந்தவை: ஜட்கா வண்டி விளக்கு, பூக்கூடை, திரி ஸ்டவ், ரேடியோ லைசென்ஸ், நசரத்பேட்டை விவசாயி வீட்டு இரும்புப் படி ஒன்று. நம் பித்தளைக்கு முன் அது சுமார்தான்.

அட்டையை நானே எழுதினேன். 'பூந்தமல்லி பஜாரில் அரிசிக் கடை நடத்திய திரு. ஆபிரகாம் அளந்த படி. நேர்மைக்குப் பெயர் பெற்றவர். அன்பளிப்பு: மகன் ஜெயராஜ்.' கையெழுத்து திருப்தியாக வரும்வரை திரும்பத் திரும்ப.

நாளை: என் இரும்புக் கடைக்கு ஆணி லோடு. கரன்ட் பில்.

15-8, சனி
கொடியேற்றம், மிட்டாய், திறப்பு விழா. நடுவில் ஒரு தூறல். எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள், எதற்கென்று தெரியவில்லை. படிக்கு முன் நின்று ஒருவர் அட்டையைச் சத்தமாக வாசித்தார். பக்கத்திலேயே நின்றுகொண்டேன். க. டீச்சர், புதன்கிழமை பிள்ளைகள் வருகிறார்கள், கடையைப் பற்றி நீங்களே சொல்லுங்கள் என்றார். சரி என்றேன். வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் பேசிப் பார்த்தேன். எஸ்தர் சிரித்தாள்.

19-8, புதன்
எழுதக் கை வரவில்லை. எழுதிவிட வேண்டும்.

கொஞ்சம் அரிசி கொண்டுபோயிருந்தேன். அப்பா அளக்கும் விதத்தைப் பிள்ளைகளுக்குக் காட்ட. பித்தளைப் படியில் நிரப்பி, உள்ளங்கையால் தலை வழித்து, பக்கத்திலிருந்த இரும்புப் படியில் கொட்டினேன். நிறையவில்லை. அது பெரிய படி என்றேன். டீச்சர் இரண்டு விளிம்பையும் பார்த்தார். ஒரே முத்திரை. இரும்புப் படியை நிரப்பி நம்முடையதில் கொட்டினார். வழிந்து தரையில் சிந்தியது. ஒரு பெண் குழந்தை, "சார், உங்க படி சீக்கிரம் ரொம்பிடுது" என்றது. கிண்டல் இல்லை, பார்த்ததைச் சொன்னது. டீச்சர் உடனே பிள்ளைகளை ஜட்கா விளக்குப் பக்கம் கூட்டிப் போய்விட்டார்.

அவர்கள் போனதும் படிக்குள் கை விட்டேன். வெளியே இருக்கும் ஆழம் உள்ளே இல்லை. அடியில் ஒரு தகடு. சுற்றிலும் ஈயப் பற்று. சுத்தமான வேலை.

"ஒழுகியிருக்கும், பத்த வெச்சிருப்பாங்க" என்றேன் டீச்சரிடம்.
"ஆமா சார், ஒழுகியிருக்கும்."
அரிசி ஒழுகுமா? அவர் என் முகத்தைப் பார்க்காமல் ஆமோதித்ததுதான் தாங்கவில்லை. சிந்திய அரிசியை இரண்டு பேரும் குனிந்து பொறுக்கினோம்.

20-8, வியாழன்
கடையில் மனசு நிற்கவில்லை. என் தராசை, எடைக்கற்களைச் சரி பார்த்தேன். சரியாகத்தான் இருக்கின்றன. கேட்டதற்கு மேல் ஆணி போட்டுக் கொடுத்தேன், வந்தவர்களுக்கெல்லாம். எஸ்தரிடம் சொல்லவில்லை. தலைவலி என்றேன்.

21-8, வெள்ளி
கொரட்டூர். ரூத் அக்கா வீடு. ஏரிக்காற்று இருந்தும் வியர்வை. அக்கா அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தது. விஷயத்தைச் சொன்னேன். கத்தி நிற்கவில்லை.

"அதையா குடுத்த? என்னை ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்லடா ராஜு."
"உனக்குத் தெரியுமா?"
"ரெண்டு படி இருந்துது. வாங்குறது ஒண்ணு, விக்கிறது ஒண்ணு. நீ ஹாஸ்டல்ல கீற, உனுக்கு எங்க தெரியும். ஸ்கூல் விட்டு வந்தா நான்தான் கடைல குந்துவேன். செக் பண்ண ஆளு வராங்கன்னா அப்பா இருமுவாரு. உடனே நான் விக்கிற படிய ஸ்கூல் பைல போட்டுகினு ஊட்டுக்கு ஓடணும்."

அம்மா? அம்மாவுக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. என் ஹாஸ்டல் சாப்பாடு அதிலிருந்துதான். அக்கா அதைச் சொல்லவில்லை. எட்டாவதோடு நின்றது அக்கா. அதையும் சொல்லவில்லை. "சாப்ட்டுப் போ" என்றது. சாப்பிட்டேன். எப்படிச் சாப்பிட முடிந்தது என்று தெரியவில்லை.

23-8, ஞாயிறு
கோயிலுக்குப் போகவில்லை. அட்டையையாவது எடுத்துவிடலாம் என்று மியூசியத்துக்குப் போனேன். அங்கே பூக்காரி முனியம்மா. பஜாரில் பூ கட்டுகிறவள், அப்பா காலத்து வாடிக்கை. அவளுடைய கூடைதான் அங்கே இருப்பது, அதைப் பார்க்க வந்திருக்கிறாள். படியைப் பார்த்துச் சிரித்தாள்.

"இன்னா நைனா, இத்த இங்க வெச்சிகினு கீற. ஒரு பிடி அரிசிய அடிக்கும் இது."
"உங்களுக்குத் தெரியுமா?"
"தெர்யாம? ஊட்ல போயி ஒலைல போட்டா தெரிஞ்சிடும்."
"தெரிஞ்சும் ஏன் வாங்குனீங்க?"
"மத்த கடைல முந்தானைய விரிக்கச் சொல்லி ஒசரத்துலேந்து கொட்டுவான், கை பட்டுடப் போவுதுன்னு. உங்கப்பா பைய கைல வாங்குவாரு. உள்ள போட்டு கைல குடுப்பாரு. அதுக்கோசரம்தான் போவோம்."

பிறகு தானாகவே சொன்னாள்: "எனுக்குத்தான் அந்த ஒரு பிடி கொறையும். புள்ளைங்களுக்குப் போட்டுட்டு கஞ்சித் தண்ணி குச்சிட்டு படுத்துக்குவேன். பயகிடுச்சி."

கோபமே இல்லை. திட்டியிருக்கலாம். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், அவள் கூடையைக் காட்டி, பிரம்பு எங்கே வாங்கியது என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

24-8, திங்கள்
நேற்று நான் எடுக்காமலே வந்துவிட்ட அட்டையை டீச்சர் எடுத்துவிட்டிருந்தார். படி அலமாரிக்குப் பின்னால். "உங்களுக்குச் சங்கடம் வேணாம்னு" என்றார். அப்படியே விட்டுவிடலாம் என்றுதான் தோன்றியது. நிம்மதியாகக்கூட இருந்தது. பிறகு அக்காவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அக்காவின் பக்கத்து வீட்டுக்குப் போன் செய்தேன். அக்கா வந்து பேசியது. "நானே வரேன். சனிக்கிழம." அவ்வளவுதான்.

இரவு எஸ்தரிடம் சொன்னேன். "நீங்க செய்யலயே" என்றாள். அட்டையை எழுதியது நான்தானே.

29-8, சனி
மழை, பிறகு வெயில். அக்கா நல்ல புடவையில் வந்தது. படியை எடுத்து மடியில் வைத்துப் பார்த்தது, தகட்டை விரலால் தடவியது. இரும்புப் படிக்குப் பக்கத்திலேயே வைக்கச் சொன்னது. புது அட்டை அக்கா சொல்ல, நான் எழுதினேன். 'ஆபிரகாம் கடையில் விற்பதற்கு வைத்திருந்த படி. ஒரு பிடி குறையும். பக்கத்திலிருப்பது சரியான படி.' நேர்மையைப் பற்றி ஒன்றும் இல்லை. அட்டையில் மை பட்டுவிட்டது. பரவாயில்லை, வை என்றது.

அதற்குள் வேறொரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். டீச்சர் என்னைப் பார்த்தார். நான் டீ சொல்லிவிட்டு வருகிறேன் என்று வெளியே வந்துவிட்டேன். டீக்கடை பக்கத்திலேயே, ஜன்னல் வழியாக அக்கா குரல் கேட்டது. பையில் போட்டுக்கொண்டு ஓடிய கதை. ஒரு பிள்ளை கேட்டது, "பயமா இருந்துச்சா ஆன்ட்டி?"

"பயம் இல்லமா. வெக்கம். பை கனமா இருக்கும், எதிர்ல வர்றவங்க என் பையயே பாக்கற மாரி இருக்கும்."

டீக்கடைக்காரர் டம்ளரை நீட்டினார். உள்ளே போய் அக்கா பக்கத்தில் நின்றிருக்க வேண்டும். உள்ளே கொடுத்துவிடுங்கள் என்று அவரிடமே சொல்லிவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்துவிட்டேன். அக்காவிடம் சொல்லிக்கொள்ளவில்லை.