ஆளுக்கு ஐந்து

மயிலாப்பூர்
2-6-1974

அன்புள்ள சகினாவுக்கு ஷாஹுல் ஹமீது எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும்.

நீ எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தது, நம் ராஜ்யத்துக்குத் தமிழ்நாடு என்று பேர் வைத்து, அதே வருஷம் சந்திரனில் மனுஷன் இறங்கினான் என்று ரேடியோவில் சொன்னார்களே, அந்த வருஷம். நீ போனது ஜெமினி எதிரில் மேம்பாலம் திறந்த மாதம். இப்போது ரயில் ஸ்டிரைக் முடிந்து ஒரு வாரம் ஆகிறது. எண்ணாக வருஷம் சொல்ல எனக்கு வராது. மேலே தேதி போட்டது எதிர்வீட்டுப் பங்கஜம் டீச்சர். சொல்வது நான், எழுதுவது அவர். நீ இருந்தவரை இந்த வேலைக்கு நான் அடுத்தவர் வீட்டுப் படி ஏறியதில்லை.

ஒரு வருஷமாக ஒரு வரி போடாதவன் இன்று ஏன் போடுகிறான் என்று நினைப்பாய். உன் மாமி அமீனாவுக்கு உடம்பு சரியில்லை. தொண்டையில் கட்டி. டாக்டர் கையை விரிக்கவில்லை, பிசைகிறார். கஞ்சியைக் கொண்டுபோனால் அமீனா முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். “சகினா சாயங்காலத்துல போடுமே தண்ணித் தக்கடி, அது இருந்தா குடுங்க” என்கிறாள்.

என் மகன் வலியுல்லா இருந்தவரை, அவன் பிரஸ்ஸிலிருந்து வந்து கை மையைக் கழுவி முடிப்பதற்குள் சட்டியை இறக்கிவிடுவாயே, அந்தக் கொழுக்கட்டைச் சாறு. முப்பது வருஷம் மீர்சாகிப்பேட்டை மார்க்கெட்டில் கறி வெட்டியவன் நான். எலும்பு பார்த்து எடுக்கத் தெரியும். அதற்கு மேல் அடுப்புப் பக்கம் எனக்கு ஒன்றும் தெரியாது. செய்கிற விதத்தை எழுதி அனுப்பு. வேறொன்றுமில்லை.

இப்படிக்கு,
ஷாஹுல் ஹமீது
(கைநாட்டு)


கோடம்பாக்கம்
6-6-1974

மரியாதைக்குரிய மாமாவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். இப்போது உங்களை என்ன முறை வைத்து அழைப்பதென்று தெரியவில்லை. வாய்க்குப் பழகியதையே எழுதுகிறேன்.

மாமியைப் பற்றிப் படித்ததிலிருந்து எனக்குக் கை கால் ஓடவில்லை. வலி இருக்கிறதா? பேச முடிகிறதா? அதை நீங்கள் எழுதவே இல்லை.

நெஞ்செலும்பை இஞ்சி, மிளகு, சின்ன வெங்காயம் போட்டு மத்தியானமே வேகவைத்துவிடுங்கள். சாயங்காலம் அரைமணி வேலைதான். வறுத்த அரிசிமாவில் தேங்காய்ப்பூ, பொடியாக அரிந்த வெங்காயம், உப்பு சேர்த்துப் பிசைந்து, சின்னதாகப் பிடித்துக் கொதிக்கிற சாற்றில் போடுங்கள். மாமிக்குப் பச்சை மிளகாய் வேண்டாம். ஆளுக்கு ஐந்து.

இவரும் மாமியை விசாரித்ததாக எழுதச் சொன்னார். ஸ்டுடியோவில் தையல் வேலை இப்போது கொஞ்சம் அதிகம்.

சகினா ஷரஃபுதீன்


மயிலாப்பூர்
10-6-1974

அன்புள்ள சகினாவுக்கு,

நீ எழுதியபடியே செய்தேன். பத்து உருண்டை போட்டேன். மூடியைத் திறந்து பார்த்தால் ஒன்றுகூட இல்லை. சட்டி நிறையப் பசை. கோடம்பாக்கத்துக்கு அனுப்பியிருந்தால் சினிமா போஸ்டர் ஒட்டியிருப்பார்கள். படுத்தபடியே உன் மாமி கேட்கிறாள்: “கரண்டியப் போட்டு இன்னாத்துக்குக் கிண்டிக்கினே இருந்தீங்க? மாவு இன்னா உங்க கடை ஆடா, அவுத்துக்கினு ஓடறதுக்கு?” சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்து ரெண்டு மாதம் இருக்கும்.

மறுநாள் மாவை இறுக்கிப் பிடித்தேன். அது கோலிக்குண்டு. எனக்கே பல்லில் ஏறவில்லை, அவள் தொண்டையில் எப்படி இறங்கும்?

வலி இருக்கிறது. பேச்சு மெதுவாக வருகிறது. நீ கேட்டதால் எழுதச் சொன்னேன்.

பங்கஜம் டீச்சர் எலும்பு என்று எழுத வரும்போதெல்லாம் பேனாவைத் தூக்கிப் பிடிக்கிறார். “என்ன பாய், ஸ்லோகம் சொல்லிண்டிருந்தவளைக் கூப்பிட்டு நெஞ்செலும்பு எழுதச் சொல்றேளே” என்கிறார். ஆனாலும் எழுதுகிறார்.

உன் கடிதத்தை அவர் படித்து முடித்ததும் அமீனா கேட்டாள், “சகினா வருதாமா?” என்று. நான், “எப்படிச் செய்யறதுன்னு எழுதிகீது” என்று மட்டும் சொன்னேன்.

ஷாஹுல் ஹமீது
(கைநாட்டு)


கோடம்பாக்கம்
14-6-1974

மரியாதைக்குரிய மாமாவுக்கு,

நீங்கள் மாவைப் பச்சைத் தண்ணீரில் பிசைந்திருக்கிறீர்கள். கொதிக்கிற சாற்றிலிருந்தே ஒரு கரண்டி எடுத்து ஊற்றி, கை பொறுக்கிற சூட்டில் பிசைய வேண்டும். இறுக்கக் கூடாது. சாற்றில் போட்டபின் அவை தானாக மேலே வரும்வரை கரண்டி அண்டக் கூடாது. ஒவ்வொன்றிலும் கட்டைவிரலால் ஒரு குழி வையுங்கள், அப்போதுதான் நடு வேகும். உங்கள் மகனுக்கு அந்தக் குழி பிடிக்கும். அதில் சாறு தேங்கி நிற்கிறது என்பார்.

இவ்வளவு எழுதியாகிவிட்டது, மனதில் இருப்பதையும் எழுதிவிடுகிறேன். அவர் காமாலையில் போய் நாற்பது நாள் கழிந்த பிறகு ஒரு சாயங்காலம், பழக்கத்தில் இருபது பிடித்துவிட்டேன். நாலு பேருக்கு. நீங்கள் தட்டை எட்டிப் பார்த்து, “செத்தவனுக்குமா பிடிக்கிறே?” என்றீர்கள். அன்றிலிருந்து உங்கள் வீட்டை விட்டுப் போகிறவரை ஒன்றரை வருஷம், பதினைந்துக்கு மேல் பிடிக்காமல் பார்த்துக்கொண்டேன். பிறகு என் அண்ணன் இந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்ததும், வாசலில் நின்று, “அதுக்குள்ள அவன மறந்துட்டியா? இனிமே இந்தப் படிய மிதிக்காதே” என்றீர்கள். நினைத்ததும் குற்றம், மறந்ததும் குற்றம் என்றால் நான் எப்படித்தான் இருந்திருக்க வேண்டும் மாமா?

நான் மறக்கவில்லை. இவருக்கும் அது தெரியும்.

கை பதத்தை எழுத்தில் கொண்டுவர முடியவில்லை. இங்கிருந்து ஒரே பஸ்தான். ‘வா’ என்று ஒரு வார்த்தை எழுதுங்கள், அன்றைக்கே வந்து மாமிக்கு என் கையால் போட்டுக் கொடுக்கிறேன். மிதிக்காதே என்றவர் கூப்பிடாமல் என்னால் வர முடியாது.

சகினா


மயிலாப்பூர்
18-6-1974

சகினாவுக்கு,

வா. நாளைக்கே வா. உன் மாமி வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

ஷாஹுல் ஹமீது
(கைநாட்டு)


கோடம்பாக்கம்
29-6-1974

மரியாதைக்குரிய மாமாவுக்கு,

இரண்டு வாரமாகத் தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதெல்லாம் எழுந்து நின்றேன். உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மனசு கேட்காமல் பஸ் ஏறிவிட்டேன். கச்சேரி ரோட்டில் இறங்கி, பள்ளிவாசலைத் தாண்டி உங்கள் சந்துக்கு வந்து, எதிர்ச் சுவரோரம் நின்றேன். கதவு திறந்துதான் இருந்தது. சாறு கொதிக்கிற வாசனை வந்தது. சரியாகத்தான் வைக்கிறீர்கள், மிளகு மட்டும் கொஞ்சம் தூக்கல். படியைப் பார்த்துக்கொண்டே நின்றேன். யாராவது எட்டிப் பார்த்து ‘என்ன’ என்று கேட்டிருந்தால்கூட வந்திருப்பேன். யாரும் பார்க்கவில்லை. அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

பதில் வராததையே பதிலாக எடுத்துக்கொள்கிறேன். இனி எழுதி உங்களைச் சங்கடப்படுத்த மாட்டேன். மாமிக்கு என் சலாத்தை மட்டும் சொல்லிவிடுங்கள்.

சகினா


மயிலாப்பூர்
10-7-1974

சகினாவுக்கு,

உன் சலாத்தைச் சொல்ல ஆள் இல்லை. உன் கடிதம் வந்தபோது அமீனாவை அடக்கம் செய்து நாலு நாள் ஆகியிருந்தது. வியாழக்கிழமை விடியலில் சுபுஹு பாங்கு சொல்லும்போது போய்விட்டாள். உனக்குச் சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்லி அனுப்புவேன்?

இதோடு ஒரு கார்டு இருக்கும். ‘வா’ என்று இருக்கும். பதினெட்டாம் தேதி டீச்சர் எழுதியது. அவர், “நான் போறச்சே போட்டுடறேன் பாய்” என்றார். நானே போடுகிறேன் என்று வாங்கிக்கொண்டு தபால் பெட்டிவரை போனேன். இதை நீ ஷரஃபுதீன் முன்னால் படிப்பாய், கிழவன் இறங்கி வந்துவிட்டான் என்று ரெண்டு பேரும் பேசிக்கொள்வீர்கள் என்று தோன்றியது. நாளைக்குப் போடலாம் என்று கொண்டுவந்து மாவு டப்பாவுக்கு அடியில் வைத்தேன். தினமும் சாயங்காலம் மாவு எடுத்தேன். தினமும் கார்டைப் பார்த்தேன். அதில் இருக்கிற எண்ணெய்க் கறை என் விரல்தான்.

இந்த இடத்தில் டீச்சர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். என்னைப் பார்க்கவில்லை. பிறகு அவரே எடுத்தார்.

நீ வந்து நின்ற அந்தச் செவ்வாய்க்கிழமைதான் தக்கடி எனக்கு முதல்முறையாகச் சரியாக வந்தது. உன் சொல்படி கரண்டி போடவில்லை. எல்லாம் தானாக மேலே வந்தன. அமீனா மூன்று சாப்பிட்டாள். நாலாவதைக் கையில் எடுத்து, அந்தக் குழியில் விரலை வைத்துத் தடவினாள்.

“சகினா வந்துகீதா?” என்று கேட்டாள்.

“ஆமா” என்றேன்.

“எங்கே?”

“அடுப்பாண்ட கீது.”

“வரச் சொல்லுங்க. முகத்தப் பாக்கணும்.”

“கை வேலையாக் கீது. முடிச்சிட்டு வரும், நீ தூங்கு.”

சரியென்று கண்ணை மூடிக்கொண்டாள். மறுநாள் முழுக்க அவளுக்கு நினைவு இல்லை. சாகப் போகிறவளிடம் பொய் சொன்னோமே என்று அதை மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன். உன் கடிதத்தை டீச்சர் படித்தபோதுதான் தெரிந்தது, அதே சாயங்காலம் நீ இருபது அடி தள்ளி நின்றிருக்கிறாய் என்று. எழுந்து வாசலுக்கு ஒரு தடவை வந்திருந்தால் போதும். நான் எழுந்திருக்கவில்லை.

நேற்று சாயங்காலம் கை பழக்கத்தில் அடுப்பை மூட்டினேன். மாவைப் பிடித்து வைத்துவிட்டுத் தட்டைப் பார்த்தால் பத்து இருந்தது. ஐந்தை உடைத்து மறுபடி மாவில் சேர்க்கலாம் என்று எடுத்தேன். முடியவில்லை. பத்தையும் போட்டேன். அன்று நான் உன்னைக் கேட்டதை, நேற்று என்னைக் கேட்க வீட்டில் யாரும் இல்லை.

படியில் நின்று சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். எடுத்து யாருக்குப் பிரயோஜனம் என்று தெரியவில்லை. உன்னை வா என்று கூப்பிட இனி எனக்கு வாய் இல்லை. நீயும் ஷரஃபுதீனும் நன்றாக இருங்கள். மிளகைக் குறைத்துவிட்டேன்.

இப்படிக்கு,
ஷாஹுல் ஹமீது
(கைநாட்டு)

பி.கு.: கைநாட்டு வைத்த பிறகு டீச்சர், “இன்னும் ஏதாவது உண்டா?” என்று கேட்டார். ஒன்று உண்டு. அந்தச் சட்டியைச் சுற்றி நாலு பேர் உட்காருவோம். யார் எந்த இடம் என்பது எனக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. சுவரோரம் வலியுல்லா, ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு. அவன் இல்லை. அவனுக்கு எதிரில் அமீனா. அவளும் இல்லை. வாசல் பக்கம் நான். என்னை இருக்கிறவன் என்று சேர்க்காதே. அடுப்புப் பக்கம் ஒருத்தி, எல்லோருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் உட்காருவாள். அந்த நாலு பேரில் உயிரோடு இருப்பது அவள் ஒருத்திதான். சகினா.