பேயும் தேவதையும்

ஹோர்சன்ஸ், வைகாசி 2009

என்ரை ராசா,

நீயும் உன்ரை கூட்டாளியளும் "ஃபே" எண்டு நீ டெனிஷிலை சொல்ல, நான் பேய் எண்டு விளங்கினன். தேவதையாம், உன்ரை தங்கச்சி சொன்னாள். சீலை உடுத்த ஆம்பிளையள் கூடிக் கும்பிட்டு, ஆடிப்பாடி நியாயம் கேட்கிற கூட்டமாம். என்ன சாமியோ, எனக்கொண்டும் விளங்கேல்லை.

வன்னிச் சண்டையை நிப்பாட்டச் சொல்லிப் போன கோப்பன்ஹேகன் ஊர்வலத்துக்கு நீ உந்தக் கூட்டத்தையும் கூட்டிக்கொண்டு வந்தாய்; அங்கை நிக்கேக்கைதான் சண்டை முடிஞ்சுதெண்டு சேதி வந்தது. உன்ரை மாமாவும் வன்னியிலைதான் இருந்தவர். எங்கடை ஆக்கள் கொடியைப் பிடிச்சபடி நிண்டினம். உங்கடை ஆக்கள்தான் வட்டமாய் இருந்து, கட்டிப்பிடிச்சு, செத்தவீட்டுப் பெண்டுகள் மாதிரி ஒப்பாரி வைச்சினம். நானும் போய் நடுவிலை இருந்தன். ஏன் போனன் எண்டு இப்பவும் தெரியேல்லை.

என்னைக் கட்டிப்பிடிச்சு அழுத சிவப்புச் சீலைக்காரன் உனக்கு ஆரெண்டு நான் கேட்கேல்லை. அவன்ரை சீலைக் கொய்யகம் மடிப்பெல்லாம் குலைஞ்சு கிடந்தது. கூட்டிக்கொண்டு வா, ஒழுங்காய் உடுத்திவிடுறன்.

அம்மா