சங்கு ஊதியதும் காலி செய்யவும்

4 பிப். 85, திங்கள்

காலையில் பனியும் புகையும் கலந்து எதிர்க் கட்டடம் தெரியவில்லை. அழுகிய முட்டை வாடை வேறு. லீலா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "தேவ்நார் குப்பை" என்றாள். செம்பூரில் எந்த நாற்றம் வந்தாலும் பழியைத் தேவ்நார் மேல் போட்டுவிடுவது வழக்கம். வசதியான ஊர், மறுத்துப் பேசாது.

வாங்க: மண்ணெண்ணெய், தலைவலி மாத்திரை, பேனாவுக்கு நிப்.

ஆபீஸில் சேஃப்டி ஆபீசர் (இனி சே.ஆ., முழுசாக எழுதி மாளாது) கூப்பிட்டார். போபாலுக்குப் பிறகு மேலிடத்துக்குத் தூக்கம் இல்லை. மதிலுக்குப் பின்னால் இருக்கும் குடிசைகளுக்கு ஒரு டிரில் நடத்திக் காட்ட வேண்டுமாம். ஞாயிறு காலை. கம்பெனி சங்கு ஊதியதும் எல்லோரும் பள்ளிக்கூட மைதானத்துக்கு வந்துவிட வேண்டும். ஹிந்தி நோட்டீஸ், மராத்தி நோட்டீஸ் தயார். தமிழ் என் தலையில். அந்தக் குடிசைகளில் பாதிக்கு மேல் எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து ஜனம். சொர்ணம் அக்கா வீடும் அங்கேதான், மதிலை ஒட்டின மாதிரி.

"கம்பெனியில் வாயு கசிந்தால்" என்று ஆரம்பித்திருந்தேன். வாசித்து அர்த்தம் சொல்லச் சொன்னார். சொன்னேன். "கேஸ்-வேஸ் நஹீ. பப்ளிக் டர் ஜாயேகி." ஜனம் பயந்துவிடுமாம். அந்த வரியை அடித்துவிட்டார். பிறகு எதற்காக வெளியே வரச் சொல்கிறோம் என்று எழுதுவது? "டிரில் ஹை, பஸ்." டிரில், அவ்வளவுதானாம்.

டிரில்லுக்கு நல்ல தமிழாகப் போட்டேன்: ஒத்திகை. மாட்டுங்காவில் நாடகம் போட்டுத் திரிந்த நாட்களில் புழங்கிய சொல். ரொம்ப வருஷம் கழித்து எழுதியதில் ஒரு சந்தோஷம்.

5 பிப்., செவ்வாய்

வெயில். நாள் முழுக்க ஸ்டென்சில் வெட்டினேன். என் கையெழுத்தை என்னைத் தவிர யார் புகழப்போகிறார்கள், நானே எழுதிக்கொள்கிறேன்: அச்சு மாதிரி வந்திருக்கிறது. தாள் சின்னது, எழுத்து பெரிது. அதனால் வரிகள் கொஞ்சம் மடங்கிவிட்டன.

ஞாயிறு காலை கம்பெனி ஒத்தி
கை. சங்கு ஊதியதும் அனைவரும்
வீட்டைக் காலி செய்து
மைதானத்துக்கு வரவும்.

சே.ஆ. பார்த்துவிட்டு "பியூட்டிஃபுல்" என்றார். அவருக்குத் தமிழ் தெரியாது.

சாயங்காலம் சே.ஆ.வின் ஆட்கள் குடிசைகளுக்குப் போய்க் கதவுகளில் சுண்ணக்கட்டியால் நம்பர் போட்டுவிட்டு வந்தார்கள். எந்தச் சந்தில் எத்தனை பேர் என்று கணக்கெடுக்க.

மாத்திரை வாங்க மறந்தேன். லீலாவிடம் வாங்கிக்கட்டிக்கொண்டேன்.

7 பிப்., வியாழன்

மதியம் கேட்டிலிருந்து வாட்ச்மேன் போன். "ஆப்கா பெஹன் ஆயா ஹை." அக்கா ஒருநாளும் கம்பெனி வாசலுக்கு வந்தவள் இல்லை. ஓடினேன். தண்ணீர்க் குழாயடியில் ஒட்டியிருந்த நோட்டீஸைக் கிழித்துக் கையில் வைத்திருந்தாள். நடந்து வந்ததில் இளைப்பு. பேச்சு வரக் கொஞ்ச நேரமாயிற்று.

"ஏல, இது ஒன் எழுத்துதான?"

"ஆமாக்கா."

"எங்க எடத்த ஒத்திக்கு வாங்கிட்டானா ஒங் கம்பெனி?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. விரல் வைத்து முதல் வரியைக் காட்டினாள். கம்பெனி ஒத்தி. அதோடு வரி முடிகிறது.

"அடுத்த வரியில கை இருக்குக்கா. ஒத்திகை. சேர்த்துப் படி."

"கை மாறுதுன்னு போட்டிருக்கான்னுதான் பக்கத்துப் பட்டறை காதர் பாயும் சொல்லுதாவ."

ஊரில் எங்கள் வீட்டை அப்பா ஒத்திக்கு வைத்தார். பணத்தைத் திருப்பும்வரை கொடுத்தவன் குடியிருந்துகொள்ளலாம் என்று பேச்சு. திருப்பவே முடியவில்லை, ரயில் ஏறினோம். நான் அப்போது கைக்குழந்தை, எனக்கு அது வெறும் சொல். அக்காவுக்குப் பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு வாசல் இறங்கின நாள்.

மீதி வரிகளையும் வாசித்தாள். "சங்கு ஊதியதும் காலி செய்யவும். எங்களுக்குச் சங்கு ஊதணும்னே முடிவு பண்ணிட்டியளா?"

சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை. "வெளையாட்டுல்ல தம்பி. 'காலி கரோ, காலி கரோ'ன்னு மைக்குல கத்திக்கிட்டு வந்தவன் யாருன்னு மறந்துட்டியா?"

மறக்கவில்லை. முன்பு லாரியோடு வந்து குடிசைகளை இடித்தவர்கள். ஆனால் எழுதும்போது நினைவுக்கு வரவில்லை. இரண்டும் ஒன்றா?

8 பிப்., வெள்ளி

மேகமூட்டம். அங்கிருந்து கம்பெனிக்கு வரும் லோடர்களிடம் விசாரித்தேன். இதுவரை காதுக்கு வந்தவை:

கம்பெனிக்கு இடம் போய்விட்டது. ஞாயிறு இடிக்கிறார்கள்.

கதவு நம்பர் புல்டோசருக்கு. முதல் நம்பர் முதலில்.

இடமெல்லாம் வேண்டாம், கேஸ் விட்டுப் பார்க்கப்போகிறார்கள். மைதானத்தில் மொத்தமாக நிற்கவைத்தால் எத்தனை பேர் விழுகிறார்கள் என்று எண்ணச் சுலபம்.

நோட்டீஸ் எழுதின கிளார்க்குக்கு வாஷியில் பிளாட்.

கடைசியைக் கேட்டதும் முகம் சூடாகிவிட்டது. வாஷியில் பிளாட்! சைக்கிள் டயர் மாற்ற யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

சே.ஆ.விடம் சொன்னேன். "அன்பட் லோக்" என்று கையை உதறினார். படிக்காதவர்களாம். படித்ததால்தான் இத்தனை வினை.

டிபன் நேரத்தில் யோசித்தேன். அவர்கள் சொல்லும் கதைகளில் எல்லாவற்றுக்கும் காரணம் இருக்கிறது. நம்பர் எதற்கு, சங்கு எதற்கு, ஞாயிறு எதற்கு, எல்லாம் பொருந்துகிறது. எங்கள் நோட்டீஸில்தான் காரணம் இல்லை. அடித்துவிட்டோமே. நானே அங்கே இருந்தால் எதை நம்பியிருப்பேன்?

நிஜமாகவே ஒருநாள் கசிந்து சங்கு ஊதினால் இவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்காருவார்கள். மதிலோரத்தில் அக்கா. ஏற்கெனவே இளைப்பு. டிபன் பெட்டியை மூடிவிட்டேன்.

9 பிப்., சனி

அரை நாள் ஆபீஸ். நேரே அக்கா வீட்டுக்கு.

காதர் பாய் பட்டறை பக்கத்து வாசல். தையல் மிஷின், கான்வாஸ் சுருள், மேலே பரணில் குடும்பம். அக்கா அவரிடம்தான் பைகளுக்கு ஜிப் தைக்கிறாள். மிஷின்களைக் கால் கழற்றிக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தார். ஞாயிறுக்குள் தாராவியில் மச்சான் வீட்டுக்குக் கொண்டுபோக.

"வாங்க தம்பி. போட்டோ புடிக்கணும், எல்லாரும் மைதானத்துக்கு வாங்கன்னு முன்னாடி ஒருக்கா கூப்ட்டாவ. பவுடர் போட்டுக்கிட்டுப் போனோம். திரும்பி வந்தா சந்தே இல்ல. ஒங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். அப்போது நான் மாட்டுங்காவில் லாட்ஜில். அக்கா தகரத்தைப் பொறுக்கி மறுபடி நிறுத்தினாள்.

ஒத்திகை என்றால் என்ன என்று விளக்கினேன். நாடகத்துக்கு முன்னால் செய்து பார்ப்பது. "அப்ப நாடகம்தானா?" என்று ஒருத்தி. காதர் பாய்தான், "டிரில்லுன்னு போட்டிருந்தா போதுமே தம்பி. பள்ளிக்கூடத்துல டிரில் அடிக்காத புள்ள உண்டா?" என்றார். உண்மை. நல்ல தமிழுக்கு ஆசைப்பட்டேன்.

"சரி, எதுக்கு டிரில்லு?"

சுற்றி ஆள் சேர்ந்துவிட்டது. சே.ஆ. அடித்த வரியை வாயால் சொல்லிவிட்டேன். உள்ளே பெரிய டாங்கியில் கேஸ் இருக்கிறது. கசியாது, ஒழுங்காகப் பார்த்துக்கொள்கிறார்கள். ஒருவேளை கசிந்தால், காற்று இந்தப் பக்கம் அடித்தால், ஓட வேண்டும். எந்தப் பக்கம் ஓடுவது என்று பழகத்தான்.

கத்துவார்கள் என்று நினைத்தேன். யாரும் கத்தவில்லை. காதர் பாய் தலையை ஆட்டினார். "இப்பதான் ஒரு பேச்சு பேச்சா இருக்கு."

அக்கா மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எத்தன வருசமா இருக்கு அந்த டாங்கி?"

"நான் சேர்றதுக்கு முன்னாலேருந்தே இருக்குக்கா."

"தெரிஞ்சும் எங்கிட்ட சொல்லல."

மறைக்கவில்லை, சொல்லத் தோன்றவில்லை. ஆபீஸில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம், டைப்ரைட்டர் இருப்பது போல. இதை அவளிடம் சொன்னால் எடுபடாது. எனக்கே எடுபடவில்லை.

பிறகு, "வாஷி வீடு நெசமா?" என்றாள். விளையாட்டாகக் கேட்கிறாள் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தால் அப்படி இல்லை.

"என் மேல நம்பிக்கை இல்லையாக்கா?"

"ஒம் மேல இருக்கு. ஒங் கம்பெனி மேல இல்ல. நீ எப்ப நீ, எப்ப கம்பெனின்னுதான் தெரிய மாட்டேங்கு."

கடைசியில் ஏற்பாடு காதர் பாயுடையது. "நாங்க மைதானத்துக்குப் போறோம். நீங்க இங்க வந்து உக்காருங்க. கம்பெனி ஆள் உள்ள இருக்கும்போது எவன் இடிப்பான், எவன் கேஸ் விடுவான்?" எல்லோருக்கும் திருப்தி. அக்கா முதல் தடவையாகச் சிரித்தாள். "இவனையே ஒத்திக்கு வச்சுட்டியளா பாய்?"

வீட்டில் லீலாவிடம் சொன்னேன். "பணயமா?" என்றாள். "ஒத்தி" என்றேன்.

10 பிப்., ஞாயிறு

தெளிந்த வானம். காற்று லேசாக, மதில் பக்கமிருந்து.

அக்கா காபி கொடுத்துவிட்டு நல்ல புடவை கட்டிக்கொண்டாள். பவுடர் போடவில்லை. காதர் பாய் மிஷின்களைக் கட்டிய கயிற்றோடு அப்படியே விட்டிருந்தார். பட்டறைச் சாவியை என் கையில் கொடுத்தார்.

சங்கு. தினம் கேட்கிற சத்தம்தான். மதிலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டால் வேறு மாதிரி இருக்கிறது, பல் கூசுகிறது. ஜனம் வரிசையாகப் போயிற்று. சிலர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு. அக்கா சந்து முனையில் நின்று என்னைப் பார்த்தாள். கையசைத்தேன். போனாள்.

பிறகு சந்தில் யாரும் இல்லை. அடுப்புகள் அணைந்து, கதவுகள் திறந்து. ஒரு கோழி. அக்கா வீட்டு வாசற்படியில் நான்.

சங்கு நிற்கவில்லை. குறித்ததைவிட நீளமாக ஊதுகிற மாதிரி இருந்தது. ஏன் இவ்வளவு நேரம்? சே.ஆ. என்னிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாரா? எதற்கு அந்த வரியை அடித்தார்? ஞாயிற்றுக்கிழமை ஏன்? நான் இங்கே உட்கார்ந்திருப்பது அவருக்குத் தெரியாதே. தெரிந்தால் மட்டும்?

அழுகிய முட்டை வாடை வந்த மாதிரி இருந்தது. எழுந்து பானைத் தண்ணீரில் கொடியில் கிடந்த துண்டை நனைத்தேன்.

சங்கு நின்றது. ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும்.

அக்கா முதலில் வந்தாள், வேகமாக, இளைக்க இளைக்க. வீட்டைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள். அப்புறம்தான் என்னை.

"என்னல, ஈரத்துண்டு?"

"வேர்த்துதுக்கா."

"மூக்குலயா வேர்க்கும்?"

துண்டை வாங்கிப் பிழிந்து கொடியில் போட்டாள். மறுபடி காபி போட்டாள்.

11 பிப்., திங்கள்

சே.ஆ. சொல்லச் சொல்ல ரிப்போர்ட் டைப் செய்தேன். பொதுமக்கள் கம்பெனி மீது பூரண நம்பிக்கையோடு ஒத்துழைத்தார்கள். மூன்று காப்பி.

காலையில் மறுபடி அதே வாடை. லீலா, "தேவ்நார்" என்றாள். ஆமாம் என்றேன். ஜன்னலைச் சாத்தினேன்.