எனக்கு மட்டும் அடித்த நாற்றம்

அன்பு மகளுக்கு,

அம்மா ஆசையோடு எழுதுவது. நானும் உன் அப்பாவும் நலம், நீயும் மாப்பிள்ளையும் நலம்தானே. இத்தனை நாளும் நலம் என்று பாதிப் பொய்யாகத்தான் எழுதினேன், இந்தத் தடவை முழுசும் உண்மை. சோதனை முடிவு வந்துவிட்டது, புற்று இல்லை, வெறும் பூஞ்சைதான். அதைக் கேட்டதும் நீ போனில் அழுத அழுகையில் விவரம் ஒன்றும் சொல்ல முடியவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

சமையலறையில் ஏதோ செத்து நாறுகிறது என்று நான் வருஷம் முழுக்கப் புலம்பியது உனக்குத் தெரியும். உன் தம்பி ஒன்றும் நாறவில்லை என்றான், அவன் பெண்டாட்டி மனநல டாக்டரைப் பார்க்கலாமா என்று மெதுவாகக் கேட்டாள், எனக்கே புத்தி பிசகிவிட்டதோ என்று பயம் வந்துவிட்டது. உன் அப்பா ஒருவர்தான் ஆமாம், எனக்கும் அடிக்கிறது என்றார். குழாய்க்காரரைக் கூட்டிவந்து கழிவுநீர்க் குழாயை மாற்றினார், ஃபிரிட்ஜை நகர்த்தினார், முட்டி வலியோடு குனிந்து அலமாரிக்கு அடியில் டார்ச் அடித்து எலி தேடினார். நானோ சளி மாத்திரையாக விழுங்கிக்கொண்டிருந்தேன், இடது கன்னத்துக் கனம் குறையவே இல்லை, எக்ஸ்ரேயிலும் ஏதோ மங்கலாகத்தான் தெரிந்தது. நீ அங்கிருந்தபடியே சண்டை போட்டு சி.டி. ஸ்கேன் எடுக்க வைத்திராவிட்டால் இன்னும் எலிதான் தேடிக்கொண்டிருப்போம். நீ நல்லா இருக்கணும்.

ஸ்கேன் ஒன்றும் வலிக்கவில்லை, படுத்து எழுந்ததுதான் தெரியும். மூக்கு டாக்டரம்மா படத்தைத் திரையில் காட்டினார். கன்ன எலும்புக்குள் காற்று இருக்க வேண்டிய இடம் சாம்பலாக அடைந்திருந்தது, அதன் நடுவே சுண்ணாம்புத் துணுக்கு மாதிரி வெள்ளைப் புள்ளிகள். பூஞ்சை உருண்டையில் சுண்ணச்சத்து படிந்தால் இப்படித் தெரியும், சுற்றியுள்ள எலும்பை அது அரிக்காதது நல்லது, ஆனாலும் எடுத்துச் சோதித்தால்தான் உறுதி என்றார். நாற்றமும் அங்கிருந்துதானாம், வீட்டில் எதுவும் நாறவில்லையாம், எனக்கு மட்டும்தான் அடித்திருக்குமாம். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான். மூக்கு வழியாகவே எடுத்துவிட்டார்கள், முகத்தில் கீறல்கூட இல்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

நாற்றம் எனக்கு மட்டும்தான் என்று டாக்டரம்மா சொன்னபோது உன் அப்பா என் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அதன் ஜிப்பைத் திறந்து திறந்து மூடினார், என் பக்கம் திரும்பவே இல்லை. வருஷம் முழுக்க என்னைத் தனியாகப் பயப்பட விடாத மனுஷனிடம் என்னத்தைக் கேட்பது. நன்றி என்று வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன், அதனால் உனக்கு எழுதுகிறேன்.

நீங்கள் இருவரும் நோய்நொடி அண்டாமல் நிறைவாக இருக்க வேண்டும், மாப்பிள்ளையின் இருமலை அலட்சியமாக விடாதே. இன்னொன்று முக்கியம், அப்பாவிடம் இதைச் சொல்லிக் கிண்டல் பண்ணிவிடாதே. இன்று காலை சமையலறையில் நின்று இப்போது நாற்றமே இல்லை என்றேன். அவரும் மூக்கை நன்றாக இழுத்துப் பார்த்துவிட்டு, ஆமாம், எனக்கும் சுத்தமாகப் போய்விட்டது என்றார்.

உன் அம்மா