காற்றுக்காக ஒரு பூசை

தொம்மலூர்,
பெங்களூரு,
9 பிப்ரவரி 2025

அன்பு லீனா,

போனில் பேசினால் சண்டையில் முடிகிறது, அதனால் எழுதுகிறேன். சளி விடவில்லை. பள்ளியில் திருத்த வேண்டிய பேப்பர் குவிந்து கிடக்கிறது.

இன்று உன் கிரகத்துக்காக, காணிக்கை கட்டி வேண்டுதல் எழுதி, பூசைக்குக் கொடுத்தேன். "லீனா ஆராயும் கிரகத்தில் காற்று இருக்க வேண்டி" என்று ஃபாதர் வாசித்ததும் கோயிலே திரும்பி என்னைப் பார்த்தது. பக்கத்து வீட்டு மௌரீன் அக்கா வாசலில் பிடித்துக்கொண்டார்: "இன்னாப்பா சிரில், காத்து இல்லாத ஊருக்கா பொண்டாட்டிய அனுப்புனே?"

காற்று உண்டா இல்லையா என்று தெரிந்ததும் வந்துவிடுவேன் என்றுதானே ஜெர்மனிக்குப் போனாய்? சீக்கிரம் தெரியட்டும்.

உன் சிரில்

ஹைடல்பர்க்,
2 மார்ச் 2025

அன்புள்ள சிரில்,

கஷாயம் வைத்துக் குடியுங்கள். டெலஸ்கோப் கணக்கு வந்துவிட்டது. காற்று இல்லை. நட்சத்திரத்தைப் பார்த்திருக்கும் பக்கம் தோசைக்கல்லாகக் காய்கிறது. மறுபக்கம் என்றைக்கும் இருட்டு. இந்தப் பக்கத்துச் சூட்டை அந்தப் பக்கம் கொண்டுபோக ஒன்றுமில்லை. வெறும் பாறை. மூன்று வருட உழைப்பு, சிரில். அழுதுவிட்டேன்.

உங்கள் லீனா

தொம்மலூர்,
16 மார்ச் 2025

அன்பு லீனா,

நீ அழுதாய் என்று படித்தும் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. திட்டிக்கொள். சமையலறைக் குழாயை மாற்றிவிட்டேன். உன் புடவைகளை வெயிலில் போட்டேன். மௌரீன் அக்காவிடம் சொன்னதற்கு, "போவட்டும் வுடுப்பா, பொண்ணு வூடு வந்து சேரட்டும்" என்றார்.

எந்தத் தேதிக்கு டிக்கெட்?

உன் சிரில்

ஹைடல்பர்க்,
6 ஏப்ரல் 2025

அன்புள்ள சிரில்,

அதே நட்சத்திரத்தை, கொஞ்சம் தள்ளி, இன்னொரு கிரகம் சுற்றுகிறது. அதில் காற்று தங்கியிருக்கலாம். நான்கு வருட வேலை. கையெழுத்துப் போட்டுவிட்டேன். உங்களைக் கேட்டிருந்தால் வேண்டாம் என்பீர்கள், நானும் சரி என்றுவிடுவேன். அந்தப் பயத்தில்தான் கேட்கவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

லீனா

தொம்மலூர்,
27 ஏப்ரல் 2025

லீனாவுக்கு,

கோபமில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே.

உன் புதுக் கிரகத்துக்காகவும் இன்று பூசைக்குக் கொடுத்தேன். அதே வரிதான், ஆனால் இந்தத் தடவைதான் மனதாரக் கேட்டேன். அங்கே காற்று இருக்கட்டும். நீ போனதற்கு ஏதாவது கிடைக்கட்டும்.

இனி நான் தேதி கேட்கமாட்டேன். உன் புடவைகளை மடித்து, சந்தாபுராவில் உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

சிரில்