சாக்கின் மேல் மூன்று எஞ்சின்கள்

பதில் தெரியாத ஒரு கேள்வியோடுதான் இதைத் தொடங்குகிறேன். வீட்டில் அரிசி இருப்பதைப் பக்கத்து வீட்டுக்குக்கூடச் சொல்லப் பயந்த ஜப்பான்காரன் பினாங்கைப் பிடித்து ஆண்ட அந்தக் காலத்தில், நீங்கள் மூன்று பேரும் எதை நம்பி உங்கள் மோட்டார் சைக்கிள்களைக் கழற்றி ஒரே சாக்கின் மேல் பரப்பினீர்கள்? யார் யாரைக் காட்டிக் கொடுப்பார் என்று எவருக்கும் தெரியாது. ஆபத்து வந்தால், கழற்றிப் போட்ட வண்டியில் ஏறித் தப்பவும் முடியாது. இத்தனை வருடம் யோசித்தும் எனக்கு விளங்கவில்லை.

நேற்றுச் சாயங்காலம் சுங்கை பினாங் ஆற்றோரம் யாரோ பழைய டயரை எரித்தார்கள். சன்னலைச் சாத்தப் போனவள் சாத்தாமல் அங்கேயே நின்றுவிட்டேன். நீ போய் நாற்பது நாள் ஆகிறது. இரங்கல் கூட்டத்தில் என்னையும் பேசச் சொன்னார்கள். மறுத்துவிட்டேன். நான்கு பேர் முன்னால் மனதைத் திறக்க எனக்கு வராது என்று உனக்குத் தெரியும். அந்த வாடை வந்த பிறகுதான் எழுத உட்கார்ந்தேன்.

அப்போது பெட்ரோல் முழுவதும் ராணுவத்துக்குப் போனது. மற்றவர்களுக்குக் கிடைத்தது ரப்பரைக் காய்ச்சி வடித்த எண்ணெய். அதை ஊற்றினால் வண்டி ஓடும். ஆனால் உள்ளே பிசினும் கரியும் அப்பிக்கொள்ளும். வாரம் ஒரு முறை எஞ்சினைத் திறந்து சுரண்டாவிட்டால் வழியில் நின்றுவிடும். பட்டறைகளெல்லாம் ராணுவத்தின் கையில் இருந்தன. அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் நீங்களே கூடினீர்கள். இடம், காதர் அண்ணனின் சோற்றுக்கடைப் பின்முற்றம். கடையில் சோறு நின்று மரவள்ளிக்கிழங்கு வந்திருந்தது. அந்தக் கிழங்கை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத்தான் அவருக்கு வண்டி அனுமதி. தண்ணீர் இலாகா கிளார்க் சின்னையாவுக்குக் குழாய்களைப் பார்த்து வர அனுமதி. உனக்குப் பிரசவம் பார்க்க. உன் கணவர் விட்டுப்போன வண்டியை, ஊர் சிரித்தாலும் பரவாயில்லை என்று, நீயே ஓட்டக் கற்றுக்கொண்டாய்.

நான் உன் வீட்டு மாடியறையில் குடியிருந்த பள்ளி ஆசிரியை. அந்தப் பின்முற்றத்தில் எனக்கு வேலை, உன் கணவர் வைத்திருந்த ஆங்கிலக் கையேட்டைப் படித்துத் தமிழில் சொல்வது. பி.ஏ. படித்ததற்கு அந்த வருடங்களில் கிடைத்த ஒரே உருப்படியான உபயோகம் அதுதான்.

"டீச்சரம்மா, பிஸ்டன் ரிங்க எதால துடைக்கணும்னு போட்டிருக்கு?" என்பார் காதர் அண்ணன்.

"பெட்ரோலில் நனைத்த சுத்தமான துணியால்."

"பெட்ரோல் இருந்தா நான் ஏன் இங்க உக்காந்து சுரண்டிக்கிட்டு இருக்கேன் லா."

"புத்தகத்தைக் குறை சொல்லாதேயும்," என்பார் சின்னையா, தலை நிமிராமல். "அது சண்டைக்கு முந்தி எழுதினது."

"டீச்சரும் சண்டைக்கு முந்தி செஞ்சவங்கதான்," என்பாய் நீ. "விடுங்க, படிக்கட்டும்."

சின்னையாவை எனக்குப் பிடிக்காது. எங்கள் யாழ்ப்பாணத்து ஆள் என்பதால் அவரை எனக்குக் கூடுதலாகத் தெரியும் என்ற நினைப்பு வேறு. ஸ்பானர் ஒவ்வொன்றிலும் தன் பெயரின் முதல் எழுத்தை ஆணியால் கீறி வைத்திருந்தார். காதர் அண்ணன் ஒன்றை எடுத்தால், அது திரும்பி வரும்வரை கண்ணை எடுக்கமாட்டார். "இந்த மனுஷன் ஆபத்துக்கு உதவமாட்டார்," என்று உன்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். நீ ஒருமுறைகூட மறுத்ததில்லை. ஒத்துக்கொண்டதும் இல்லை.

பிறகு அந்த அறிவிப்பு வந்தது. அனுமதி பெற்ற மோட்டார் சைக்கிள்களையெல்லாம் திங்கட்கிழமை காலை போலீஸ் நிலையத்துக்குக் கொண்டுவர வேண்டும். நன்றாக ஓடும் வண்டியை ராணுவம் எடுத்துக்கொள்ளும். கிளம்பவே கிளம்பாத வண்டி பழைய இரும்பாகப் போகும். ஆக, வண்டி ஓடவும் வேண்டும், பார்க்கிற எவனும் அதற்கு ஆசைப்படாமலும் இருக்க வேண்டும்.

உனக்கு அந்த வாரம் வண்டி எதற்கு வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆயர் ஈத்தாம் மலைச்சரிவில் காய்கறித் தோட்டம் போட்டிருந்த முனியம்மாவுக்கு மாதம் நிறைந்திருந்தது. அவளுடைய முதல் பிரசவத்தின்போது உன்னிடம் அனுமதிச் சீட்டு இல்லை. நீ நடந்தே போனாய். போய்ச் சேர்வதற்குள் பிள்ளை இறந்துவிட்டது. அதைப் பற்றி நீ பேசமாட்டாய். மறுவாரமே அனுமதி கேட்டு மனு எழுதித் தரச் சொல்லி என்னிடம் வந்தாய், அவ்வளவுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வேலை தலைகீழாக நடந்தது. உள்ளே எப்போதும்போலச் சுரண்டித் துடைத்தீர்கள். வெளியே துருத்தூளைத் தேங்காயெண்ணெயில் குழைத்துப் பூசினீர்கள். காதர் அண்ணன் தன் இருக்கையைக் கத்தியால் கீறிவிட்டு, கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "மன்னிச்சுக்கடி ராசாத்தி," என்று அதைத் தட்டிக்கொடுத்தார்.

எஞ்சின் சத்தத்தைக் கெடுக்க வழி சொன்னவள் நான்தான். கைப்பிடியின் இடப்பக்கம், பெருவிரலுக்கு எட்டுகிற சின்ன லீவர் ஒன்று உண்டு. எஞ்சினுக்குள் தீப்பொறி எப்போது விழ வேண்டும் என்பதை அது தீர்மானிக்கிறது. பின்னால் தள்ளி வைத்தால் எஞ்சின் இருமும், முக்கும், ஆனால் நிற்காது. கையேட்டில் இதைச் செய்யக் கூடாது என்று எச்சரித்திருந்தார்கள். "டீச்சர், உந்தப் புத்தகத்தில செய்யாதே எண்டு போட்ட வேற ஏதும் கிடந்தாலும் சொல்லுங்கோ," என்றார் சின்னையா. அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

திங்கட்கிழமை நானும் உன்னோடு வந்தேன். பள்ளியில் கட்டாயத்தின் பேரில் கற்றுக்கொண்ட ஜப்பானிய வார்த்தைகள் என்னிடம் கொஞ்சம் இருந்தன. வெயிலில் வரிசை. காதர் அண்ணனின் வண்டி புகையைக் கக்கியது. அதிகாரி மூக்கைப் பொத்திக்கொண்டு போகச் சொன்னார். சின்னையாவின் வண்டி இருமியது. அதையும் போகச் சொன்னார். அடுத்தது நீ.

உதைத்தாய். எஞ்சின் திணறியது. நாம் நினைத்ததைவிட நன்றாகவே திணறியது. அதிகாரி அடுத்த வண்டியைப் பார்த்துத் திரும்பக்கூடத் திரும்பிவிட்டார். அப்போது உன் இடது பெருவிரல் நகர்ந்ததைப் பார்த்தேன். எஞ்சின் முக்கினால் லீவரை முன்னால் தள்ளுவது, அழுகிற பிள்ளையை எடுத்துத் தோளில் போடுவதைப் போல, உன் கைக்குப் பழகிப் போயிருந்தது. ஒரு நொடிதான். திணறல் நின்றது. அத்தனை வாரச் சுரண்டலும் துடைப்பும் ஒன்றாகச் சேர்ந்து, சீரான, அழகான ஒரு சத்தம் போலீஸ் நிலைய முற்றத்தில் எழுந்தது. அதிகாரி திரும்பி வந்தார். பூசிய துருவை ஒரு விரலால் வழித்துப் பார்த்தார். நான் தெரிந்த வார்த்தைகளையெல்லாம் சொன்னேன். வண்டியை எடுத்துக்கொண்டார்கள். அனுமதிச் சீட்டையும் கிழித்தார்கள். உன்னை அடிக்காமல் விட்டதே பெரிது.

வெளியே, கடைகளின் முன்னால் ஓடும் ஐந்தடிப் பாதையில் உட்கார்ந்து உன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாய். "கைக்கு நான் சொல்லல டீச்சர். அதுவா செஞ்சுருச்சு," என்றாய். காதர் அண்ணன், "வண்டின்னா அப்படி ஓடணும்," என்று மட்டும் சொன்னார். அவருடைய வண்டி மறுநாள் விடியற்காலையிலேயே அக்கரையிலுள்ள நிபோங் திபாலுக்குக் கிழங்கு ஏற்றப் போக வேண்டும். ஆஸ்பத்திரிக்கான வேலை, அதை மறுக்க அவரால் முடியாது. சின்னையா தொப்பியைப் போட்டுக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார். அனுமதிச் சீட்டு யார் பெயரில் இருக்கிறதோ அவர் இல்லாமல் வண்டியைத் தெருவில் கண்டால் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். "இனி நடந்துதான் போக வேண்டும்," என்று நான் சொன்னேன். "சின்னையா தருவார் என்று மட்டும் எதிர்பார்க்காதே." கெட்ட செய்தியை முதலில் சொல்லிவிடுவது நேர்மை என்று அப்போது நினைத்திருந்தேன்.

இப்போதும் நான் எதையும் சுலபத்தில் நம்புகிறவள் அல்ல. உங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் என்னை மாற்றிவிட்டன என்று எழுதினால் நீயே சிரிப்பாய். ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன். ஒரு மனிதர் என்ன செய்வார் என்று அவர் செய்வதற்கு முன்னால் சொல்வதை விட்டுவிட்டேன். பெண்பிள்ளைகளின் வருடாந்தர அறிக்கையில் 'இவளால் இயலாது' என்று அதன் பிறகு நான் எழுதியதில்லை. பேனா அந்த இடத்துக்கு வரும்போது, உன் பெருவிரல் நகர்ந்தது நினைவுக்கு வரும். அதற்கு மறுநாளும் நினைவுக்கு வரும்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. காலை ஒன்பது மணிக்கு முனியம்மாவின் புருஷன் ஓடி வந்தான். அவன் வந்து சேருவதற்குள்ளேயே சின்னையாவின் வண்டி நம் வாசலில் நின்றுகொண்டிருந்தது. எட்டு மணியிலிருந்து அங்கேயே நின்றாராம். கூப்பிடவில்லை. நீ பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாய். அவர் முன் இருக்கையை விட்டுப் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"அனுமதி என்ர பேரில. அதால நான் வண்டியில இருக்கவேணும்," என்றார். "ஆனா நான் ஓட்டினா பின்னேரம்தான் போய்ச் சேருவம். நீங்கள் ஓட்டுங்கோ."

டத்தோ கிராமாட் சாலை முழுவதும் வேடிக்கை பார்த்தது. கோட்டும் தொப்பியும் போட்ட தண்ணீர் இலாகா கிளார்க், ஒரு பெண்ணுக்குப் பின்னால், மருந்துப் பையை மடியில் கட்டிப் பிடித்தபடி போனார். பதினொன்றரை மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிறந்தவுடன் அழுதது. திரும்பும்போது, "இப்ப அவசரம் இல்ல, நீங்களே ஓட்டுறீங்களா?" என்று நீ கேட்டாயாம். அவர் தொப்பியை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, மறுபடியும் பின்னால் போய் உட்கார்ந்தாராம்.