சைபர் மேலே இருக்கும்

சென்னை
12-11-1978

அன்புள்ள ஜெயக்கொடிக்கு,

நான் சுகம். உன் இரண்டு கடிதத்துக்கும் பதில் போடவில்லை என்று கோபமாக இருப்பாய். ஷெட்டில் கை கழுவக்கூட நேரமில்லை. முதலாளி மகன் பிப்ரவரியில் கார் பந்தயத்தில் ஓட்டப்போகிறார். அந்த இன்ஜின் என் பொறுப்பு.

இன்ஜின் மேல் மூடி மாதிரி உட்காருவதுதான் ஹெட். அதன் அடியில் நாலு குழி. பெட்ரோல் ஆவி அந்தக் குழிக்குள் நசுங்கித்தான் வெடிக்கிறது. ஹெட்டின் அடியைச் சீவினால் குழி சிறுக்கும், நசுக்கு கூடும், வண்டி சீறும். ஆனால் நாலு குழியும் ஒரே அளவாக இருக்கவேண்டும். எனக்கு முன்னால் இருந்தவன் கண்மதிப்பில் அரைத்துக் குட்டிச்சுவராக்கி வைத்திருக்கிறான். உங்கள் கல்லூரி லேபில் கோடு போட்ட நீளக் கண்ணாடிக் குழாய் இருக்குமே, கீழே திருகு வைத்தது? ஒன்று எடுத்து அனுப்பு. யாருக்குத் தெரியப்போகிறது?

வண்டி ஜெயித்தால் நமக்குத் தங்க இடம் தருவதாக முதலாளி சொல்லியிருக்கிறார். கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகிறது. சேர்ந்து இருந்தது எட்டு மாசம்தான். இதை நினைத்துத்தான் ராப்பகலாக உழைக்கிறேன்.

உன்
சுருளி


நாகமலை புதுக்கோட்டை
19-11-1978

அன்புள்ள மச்சானுக்கு,

யாருக்குத் தெரியப்போகிறது என்கிறீர்கள். லேபில் ஒரு பொருள் குறைந்தால் முதலில் திறந்து பார்ப்பது என் பையைத்தான். மேடங்கள் பையை யாரும் திறப்பதில்லை. ஆறு வருஷமாக டெம்பரவரியாகக் குப்பி கழுவுகிறேன். திருடி என்ற பெயரும் எனக்கு வேண்டாம்.

அதன் பெயர் பியூரெட். லேப் சாமான் விற்கிற கடையில் ஐம்பது மில்லி என்று கேட்டு வாங்குங்கள். ஹெட்டைக் கவிழ்த்துக் குழி மேலே பார்க்கும்படி வையுங்கள். நடுவில் துளை போட்ட கண்ணாடித் தகட்டை, ஓரத்தில் கிரீஸ் தடவி, குழிமேல் ஒட்டி, பியூரெட்டிலிருந்து துளை வழியாகக் குழி நிறையும்வரை மண்ணெண்ணெயை இறக்குங்கள். குமிழி இருக்கக்கூடாது. எண்ணெய் மட்டம் கிண்ணம்போல் வளைந்து நிற்கும். அடிவளைவைக் கண்ணுக்கு நேராக வைத்துப் படியுங்கள். எட்டிப் பார்த்தால் தப்பாகத் தெரியும்.

உங்கள் இருமல் எப்படி இருக்கிறது? அதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை.

ஜெயக்கொடி


சென்னை
10-12-1978

அன்புள்ள ஜெயக்கொடிக்கு,

நீ சொன்னபடியே செய்தேன். ஷெட்டில் எல்லாரும் வாயைப் பிளந்து பார்த்தார்கள். முதல் குழி பதிமூன்று மில்லி. இரண்டும் மூன்றும் பதினாலு. நாலாவது பன்னிரண்டு. அதுதான் சின்னது. நாளை முதல் நாலாவதை அரைத்துப் பெரிதாக்கப்போகிறேன்.

இருமல் தேவலை.

சுருளி


நாகமலை புதுக்கோட்டை
14-12-1978

அன்புள்ள மச்சானுக்கு,

அரைக்காதீர்கள். பதிமூன்று மில்லி என்பது இருமல் மருந்துப் பாட்டில் மூடி அளவு. ஒரு காரின் குழிக்கு அது எப்படிப் போதும்?

பியூரெட்டில் சைபர் மேலே இருக்கும். எண் கீழே போகப் போகக் கூடும். எண்ணெய் முப்பத்தேழில் நின்றால் இறங்கியது முப்பத்தேழு. நீங்கள் மீதி இருப்பது அதுதான் என்று நினைத்து, ஐம்பதில் கழித்துப் பதிமூன்று என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் உங்கள் நாலாவது குழிதான் எல்லாவற்றிலும் பெரிது. வருஷா வருஷம் புதிதாக வருகிற பிள்ளைகளில் பாதிப் பேர் இப்படித்தான் படிக்கிறார்கள். போன வருஷம் வேலைக்குச் சேர்ந்த ஒரு மேடமும் படித்தார். நான்தான் காதோரம் சொன்னேன். அதற்கு எனக்குச் சம்பளம் இல்லை.

இன்னொரு சேதி. என் வேலையை நிரந்தரமாக்கி ஆர்டர் வந்திருக்கிறது. பிப்ரவரி இருபத்தெட்டுக்குள் சம்மதக் கையெழுத்துப் போடவேண்டும். உங்களைக் கேட்டுச் செய்யலாம் என்று இருக்கிறேன்.

ஜெயக்கொடி


சென்னை
12-2-1979

அன்புள்ள ஜெயக்கொடிக்கு,

ஜெயித்துவிட்டோம். இரண்டாவது இடம். கப்பைச் சின்னவர் வாங்கினார். நான் கயிற்றுக்கு வெளியே நின்று பார்த்தேன், எங்களை உள்ளே விடவில்லை. வண்டி சத்தத்தை வைத்தே சொல்லிவிடலாம், நாலு சிலிண்டரும் ஒரே குரல்.

உன் கடிதம் வருமுன்பே நாலாவதை அரைக்கத் தொடங்கியிருந்தேன். அரைக்க அரைக்கக் குழி சின்னதாகிக்கொண்டே போனது. பன்னிரண்டு, பதினொன்று, பத்து. "அண்ணே, ஹெட்டுல பேய் இருக்கு" என்று பக்கத்தில் இருந்தவன் எலுமிச்சம்பழம் வாங்கப் போய்விட்டான். அப்போதுதான் உன் கடிதம் வந்தது. நீ சொன்னபடி படித்தால் நாலாவது நாற்பதுக்குப் போயிருந்தது. மற்ற மூன்றையும் நாற்பதாக்கி, ஹெட்டைச் சீவி, நாலையும் முப்பத்துமூன்றுக்குக் கொண்டுவந்தேன். எப்படித் தெரிந்தது என்று முதலாளி கேட்டார். மதுரையில் ஒரு புரொபசர் சொன்னார் என்றேன். பெண்டாட்டி சொன்னாள் என்றால் சிரிப்பார்கள்.

முதலாளி வாக்குத் தவறவில்லை. பங்களாவுக்குப் பின்னால் ஒரு அறை, தனிக் குழாய். நீ வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு மாசக் கடைசியில் கிளம்பி வா. முதலாளி வீட்டம்மாவுக்குக் கூடமாட வேலைக்கு ஒரு ஆள் தேவையாம். உனக்கும் பொழுது போகும்.

உன்
சுருளி


நாகமலை புதுக்கோட்டை
18-2-1979

அன்புள்ள மச்சானுக்கு,

கடிதம் கிடைத்தது. "எனக்குக் கோபம் இல்லை" என்று எழுத ஆரம்பித்து அடித்துவிட்டேன். கோபம்தான்.

வண்டி ஓடியது சந்தோஷம். ஆனால் கடைசி வரிக்கு முன் வரியில் ஒளித்து எழுதியிருக்கிறீர்களே, கூடமாட வேலை என்று, அதற்கு இங்கே பாத்திரம் தேய்ப்பது என்று பெயர். நம் கல்லூரியில் பெருக்குகிற செல்லத்தாயிடம் படித்துக் காட்டினேன். "ஏண்டி, இங்க கண்ணாடி கழுவுனா பென்சன் இருக்கு. அங்க எச்சித் தட்டு கழுவுனா என்னடி இருக்கு? ஒம்புருசன் கப்பு வாங்குனானா, ஒனக்கு வேலைக்காரி உத்தியோகம் வாங்குனானா?" என்றாள். நான் சிரித்தேன். பிறகு சிரிக்க முடியவில்லை.

கயிற்றுக்கு வெளியே நிற்கவைத்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு அது வலித்திருக்கிறது. புரொபசர் என்று நீங்கள் சொன்னபோது என்னை எங்கே நிற்கவைத்தீர்கள்? சிரித்தால் சிரிக்கட்டும் என்று ஒரு தடவை சொல்லியிருக்கலாம்.

பின்னால் இருக்கிற அறை முதலாளியின் அறை. உங்கள் கை வேலை செய்கிறவரைக்கும்தான் அது. நாளை ஒரு ஹெட் வெடித்தால் இரண்டு பேரும் ஒரே நாளில் தெருவுக்கு வருவோம். ஒருவர் காலாவது தரையில் இருக்கட்டும்.

உங்கள் பழைய பட்டறை காளை அண்ணனை பஸ்ஸில் பார்த்தேன். "சுருளி எப்பம்மா வாரான்? ஹெட்டு வேலைக்கு இங்க ஒரு பய இல்ல. மேலூர் லாரிக்காரய்ங்க அம்புட்டுப் பேரும் திருச்சிக்கு ஓடுறாய்ங்க" என்றார். பந்தய வண்டி இங்கே இல்லை. கல் ஏற்றுகிற லாரிதான். கப்பும் கிடையாது. வீட்டுக்குத் தினமும் வரலாம். வருவதானால் வாருங்கள், எனக்கும் தனியாகச் சோறு இறங்கவில்லை. வரவில்லை என்றால் அதையும் நேராக எழுதிவிடுங்கள்.

சம்மதக் கையெழுத்துக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது. உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கத்தான் நினைத்தேன். நேற்றுக் காலையிலேயே போட்டுவிட்டேன்.

ஜெயக்கொடி